சாவி யார் கையில்?

கடவுச்சொல் என்னும் தொல்லை ஒழியப்போகிறது என்று கொழும்பில் கூறுகின்றனர். எழுத்தும் எண்ணும் கலந்த சொல்லொன்றை மனத்தில் பூட்டி வைத்துக்கொண்டு இனித் திண்டாட வேண்டியதில்லையாம். கைத்தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்கம் போதும். விரலை வைத்தால் போதும். முகத்தைக் காட்டினால் போதும். வங்கி திறக்கும், அலுவலகம் திறக்கும், அரசாங்கமே திறக்கும் என்கின்றனர். அத்தோடு நில்லாமல், ஒருவருக்குப் பல இடங்களில் சிதறிக் கிடக்கும் கணக்குகளையெல்லாம் ஓரெண்ணின் கீழ்க் கட்டி இணைத்துவிடுவோம் என்றும் உறுதி கூறுகின்றனர். இந்திய அரசின் நன்கொடையோடு 2022 மார்ச்சில் உடன்படிக்கையான தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டமே இவை இரண்டுக்கும் அத்திவாரம். விரலும் கண்மணியும் முகமும் அதில் பதியப்படும்.

நாம் இதனை எதிர்க்கவில்லை. மலைநாட்டார் எதையும் எதிர்ப்பவர் என்று எழுதிவைத்திருப்போர் ஏமாறட்டும்! எழுதப் படிக்க வாய்ப்பளிக்கப்படாத ஒரு தாய்க்கு, எழுத்தில்லாத சாவி கிடைக்குமானால் அதனை முதலில் வரவேற்பவர் நாமாகவே இருப்போம். நாம் கேட்பது ஒன்றே ஒன்று: அந்தச் சாவி யார் கையில் இருக்கும்? கணக்குகளை இணைப்பவர் யார், கணக்குக்குரியவரா, கணக்கு எழுதுபவரா?

இந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு உரிமையுண்டு. ஏனெனில் கணக்கிணைப்பு என்பது நமக்குப் புதிதன்று. கொழும்பில் கணினி வருவதற்கு அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, ஊவாவின் மலைச்சரிவுகளில் அது துல்லியமாக நடந்தது. அதற்குப் பெயர் துண்டு.

துண்டு என்றால் நம் பாட்டன்மார்க்கு நடுக்கம். இன்றைய இளைஞர்க்கு அதனை விளக்கவேண்டியிருக்கிறது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போகும் தொழிலாளிக்குத் தோட்டத்துரை கொடுத்த சீட்டு அது. இவர் பட்ட கடன் இவ்வளவு, இதனை அடைப்பவர் இவரை எடுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் பொருள். புதிய தோட்டம் பணத்தைக் கட்டும். கடன் புதிய பேரேட்டில் ஏறும். கடனோடு ஆளும் ஏறுவான். சீட்டில்லாதவனை எந்தத் தோட்டமும் சேர்க்காது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்துதான் அந்தச் சிறுமை ஒழிந்தது. அதுவரை மின்சாரம் இல்லை, கருவி இல்லை, படித்த நிபுணர் இல்லை; ஆயினும் ஒரு சதமும் பிசகாமல் ஒருவனுடைய கணக்குத் தோட்டந்தோறும் அவனைத் தொடர்ந்தது!

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி வந்தது. தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 8, தொழில்தருநர் 12 எனச் சட்டம் இன்று குறைந்த அளவாக விதிக்கிறது. தொழிற்றிணைக்களம் மேற்பார்க்கிறது, மத்திய வங்கி பணத்தைக் காக்கிறது. நல்ல சட்டம், மறுக்கவில்லை. ஆனால் உறுப்பினரின் இலக்கம் அவரைச் சேர்ந்ததன்று. தொழில்தருநரின் இலக்கத்தைச் சேர்ந்தது. தொழில்தருநர் மாறினால் உறுப்பினருக்கு வேறு இலக்கம், வேறு கணக்கு. பூனாகலையில் கொழுந்தெடுத்தவள் மணமாகி அப்புத்தளைப் பக்கம் போனால் ஓரிலக்கம். கொழும்பில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனால் மற்றோரிலக்கம். எங்கும் போகாமல் ஒரே லயத்தில் பிறந்து அங்கேயே மூத்தவர்க்குங்கூட முதலாளி மாறியிருக்கிறான்: 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. மலை மாறவில்லை, தேயிலை மாறவில்லை, முதுகில் கூடை மாறவில்லை, முதலாளி மாறினான்.

பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதில் அந்தப் பணத்தைக் கேட்கும்போதுதான் கதை தெரியும். பீ அட்டை எங்கே என்கின்றனர். பிறப்புச் சான்றிதழிலுள்ள பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒவ்வவில்லை என்கின்றனர். சத்தியக்கடதாசி கொண்டுவா என்கின்றனர். பண்டாரவளைக்கு ஒரு பஸ், பதுளைக்கு ஒரு பஸ், ஒவ்வொரு போக்குவரத்துக்கும் ஒருநாட் சம்பளம். கடனாக இருந்தபோது கணக்கு மனிதனை விடாமல் பின்தொடர்ந்தது. சேமிப்பாக ஆனபோது மனிதன் கணக்கைத் தேடி அலைகிறான். இந்த நீதியை எந்தப் பல்கலைக்கழகத்தில் கற்றார்களோ, நாமறியோம்!

ஆகவே கணக்குகள் இணைக்கப்படத்தான் வேண்டும். நாளையன்று, இன்றே இணைக்கப்பட வேண்டும். ஆனால் எப்படி? பெயரைப் பார்த்து இணைப்போம் என்பார் ஒருசாரார். பிறப்புப் பதிவில் இராமாயி. தோட்டத்துச் செக்ரோலில் ராமாய். ஆங்கிலத்தில் எழுதிய கணக்கப்பிள்ளையின் காதுக்கு எட்டியபடி சேமலாப நிதியில் ரம்மாய். பழைய அடையாள அட்டையில் சிங்கள எழுத்தில் வேறொரு வடிவம். கருவியின் கண்ணுக்கு இவர்கள் நால்வர். அதே தோட்டத்தில் அதே பெயரும் அதே தந்தை பெயரும் உடைய இன்னொருத்தி இருந்தால், அவர்கள் இருவரும் கருவிக்கு ஒருத்தி! ஒருத்தியை நால்வராக்கி, இருவரை ஒருத்தியாக்கும் இணைப்பு நமக்கு வேண்டாம்.

தொலைபேசி இலக்கத்தைப் பார்த்து இணைப்போம் என்பார் மற்றொருசாரார். இது அதனினும் பேதைமை. லயத்தில் ஆறு காம்பராவுக்கு இரண்டு தொலைபேசி இருக்கலாம். படிவத்தில் இலக்கம் கேட்டபோது மாமியும் மருமகளும் ஒரே இலக்கத்தைக் கொடுத்திருப்பர். தொலைபேசி இல்லாதவர் கடைக்காரரின் இலக்கத்தைக் கொடுத்திருப்பார், கொழும்பில் வேலை செய்யும் மகனின் இலக்கத்தைக் கொடுத்திருப்பார். ஒரே இலக்கம் கொண்ட கணக்கெல்லாம் ஒருவருடையதே என்று கருவி முடிவு செய்தால், லயம் முழுவதும் கடைக்காரரின் கணக்காகிவிடும். கடைப்பற்றில் ஏற்கெனவே பாதிச் சம்பளம் போகிறது. மீதியையும் அவரிடமே ஒப்படைப்பதா?

இது வெறுங்கற்பனையன்று. இந்தத் திட்டம் எங்கிருந்து வருகிறதோ அந்த இந்தியாவையே பார்ப்போம். 2017இல் அங்கே தொலைபேசி இலக்கத்தை ஆதாரோடு இணைக்க விரலை வைத்த இலட்சக்கணக்கானோர்க்கு, அவர்கள் தெளிவாகக் கேட்காமலே ஏர்டெல் நிறுவனத்தின் கொடுப்பனவு வங்கியில் கணக்குத் திறக்கப்பட்டது. சமையல் எரிவாயு மானியம் பழைய கணக்கை விட்டு அந்தக் கணக்கிற் போய் விழுந்தது. பணம் வரவில்லையே என்று பழைய வங்கியின் வாசலில் ஏழைகள் நின்றனர். அவ்வாண்டு டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்தின் அனுமதியை நிறுத்திவைத்தது. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அதே 2017இல் ஜார்க்கண்ட் மாநிலத்தின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமியொருத்தி இறந்தாள். குடும்ப அட்டை ஆதாரோடு இணைக்கப்படாமையால் நீக்கப்பட்டு, மாதக்கணக்கில் அரிசி கிடைக்கவில்லை, பட்டினியே காரணம் என்றனர் குடும்பத்தார். நோயே காரணம் என்றது அரசு. அட்டை நீக்கப்பட்டதை அரசாலும் மறுக்க முடியவில்லை. 2018 செப்டம்பர் 26இல் இந்திய உச்சநீதிமன்றம் ஆதார்ச் சட்டத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டபோதிலும், வங்கிக் கணக்கையும் தொலைபேசி இலக்கத்தையும் அதனோடு கட்டாயமாக இணைப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பையும் சேர்த்து இறக்குமதி செய்வார்களா?

கடவுச்சொல்லுக்குப் பதிலாக வருவது எது என்பதற்கு வருவோம். எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைத்து மக்களை மயக்குகின்றனர். உண்மையில் அவை மூன்று.

ஒன்று, குறுஞ்செய்தியில் வரும் இலக்கம். 2022 ஜூலையில் எரிபொருளுக்கு வரிசையில் நின்றோமே, அப்போது மருத்துவருக்கும் வெலிமடை உருளைக்கிழங்கு விவசாயிக்கும் ஒருசேர அறிமுகமானது இது. தொலைபேசிக்கு வந்த இலக்கத்தைக் கொடுத்துத்தான் எரிபொருள் அனுமதியைப் பெற்றோம். தன் லொறியைப் பிறருடைய தொலைபேசியிற் பதிந்தவர் பிறர் தயவிலேயே நின்றார். முன்னாளில் லயத்துக்குத் தனி விலாசம் இல்லாமையால் நம் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே சென்றன. அங்கே கிடந்து, சிலவேளை நேர்முகப் பரீட்சை முடிந்த பின்பு கைக்கு வந்தன. இன்று கடிதத்துக்குப் பதில் இலக்கம். தோட்ட அலுவலகத்துக்குப் பதில் தொலைபேசி வைத்திருப்பவர். வேறுபாடு அவ்வளவே. பணம் நிரப்பாமல் விட்ட இலக்கம் காலாவதியாகி வேறொருவர்க்கு விற்கப்படுவதும் உண்டு. அப்போது உங்கள் சாவி, முகமறியாதவர் சட்டைப்பையில்.

இரண்டு, நடுவிடத்தில் பதிந்துவைத்த விரலோடு ஒப்பிடுவது. கொழுந்தெடுக்கும் கையைக் கண்டவர் இதனை யோசிப்பர். தேயிலைக் கறையும் கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும் தேய்த்த விரலில் வரிகள் தெளிவாக நிற்பதில்லை. உழைத்த கையே உழைப்பாளியைக் காட்டிக்கொடுக்க மறுக்கும்! மேலும், திருடுபோன கடவுச்சொல்லை மாற்றலாம். திருடுபோன விரலடையாளத்துக்கு மாற்றுவிரல் யார் தருவார்?

மூன்றாவதே உண்மையான முன்னேற்றம். அதனைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகின்றனர். ஒவ்வொரு கணக்குக்கும் தொலைபேசிக்குள்ளேயே ஒரு சாவியும் அதற்கேற்ற பூட்டும் உண்டாகின்றன. பூட்டு மட்டுமே வங்கிக்கோ திணைக்களத்துக்கோ போகிறது. சாவி தொலைபேசியிலேயே தங்குகிறது. நுழையும்போதெல்லாம் வங்கி புதியதோர் எண்ணை அனுப்ப, தொலைபேசி அந்தச் சாவியால் அதற்கு ஒப்பமிட்டுத் திருப்புகிறது. விரல் வைப்பது தொலைபேசியைத் திறப்பதற்கே. விரலடையாளம் வெளியே போவதில்லை. விரல் தேய்ந்தவர் தொலைபேசியைத் திறக்கும் நாலு இலக்கத்தையே பயன்படுத்தலாம். வங்கியைக் கொள்ளையிட்டவனுக்குப் பூட்டுகள் கிடைக்குமேயன்றி ஒரு சாவியும் கிடைக்காது. 2022 மே மாதத்தில் அப்பிள், கூகுள், மைக்ரோசொவ்ற் மூன்றும் இதனைச் சேர்ந்து ஆதரிப்பதாக அறிவித்தன. செல்வர்க்கு இந்தச் சாவி. ஏழைக்குத் தேய்ந்த விரலும் கடைக்காரர் தொலைபேசியும் என்ற பாகுபாட்டையே நாம் எதிர்க்கிறோம்.

அந்தச் சாவிக்கும் ஒரு குறையுண்டு, மறைக்கமாட்டோம். தொலைபேசி தொலைந்தால்? நகரத்தான் இரண்டாம் கருவியில் மறுபடி வைத்திருப்பான். நம் நிலை வேறு. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை விழுங்கியது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் பதுளை மாவட்டத்தை உருக்குலைத்தது. உயிர்தப்பியவர் உடுத்த துணியோடு வந்தனர். பிறப்புச் சான்றிதழ் மண்ணுக்குள், அடையாள அட்டை மண்ணுக்குள், தொலைபேசியும் மண்ணுக்குள். அப்படி வருபவர் தம்மைத் தாமென்று நிறுவ என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? இந்தக் கேள்விக்கு விடையில்லாத திட்டம், சமவெளியில் இருந்துகொண்டு சமவெளிக்கு எழுதிய திட்டம்.

அடையாளம் நமக்கு என்றும் வெறும் அட்டையாக இருந்ததில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கிற்று. 1964இல் நம்மைக் கேளாமலே இரண்டு அரசுகள் நம்மைத் தொகையாகப் பங்கிட்டன. 1972இல் தேசிய அடையாள அட்டை வந்தபோது, இலக்கத்தின் வாலில் வாக்குரிமை உள்ளவர்க்கு 'வீ', இல்லாதவர்க்கு 'எக்ஸ்' என்று எழுதினர். எங்கே அட்டையை நீட்டினாலும் இவன் வாக்கற்றவன் என்று அந்த ஓரெழுத்து அறிவித்தது. 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமை முழுமையாயிற்று. 2016இல் 12 இலக்கம் வந்தபோது அந்த எழுத்தும் போயிற்று. ஆகவே ஓரெண்ணில் என்னென்ன ஒட்டப்படும் என்று நாம் கேட்டால், அது படியாதவரின் அச்சமன்று, பட்டவரின் அனுபவம். சேமலாப நிதிக் கணக்குகளைச் சேர்த்துக் கட்டுவது வேறு; அடகுக்கடனையும் நுண்கடனையும் தொழிற்சங்கச் சந்தாவையும் அதே எண்ணில் கட்டித் தோட்ட அலுவலகத்துத் திரையில் விரித்துவைப்பது வேறு. பின்னது துண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் இருக்கிறது. அதனைத் தமிழிற் படித்து மக்களுக்குச் சொல்லவேண்டியவர் நம் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் வங்கி உத்தியோகத்தர்களுமே. லயத்தில் பிறந்து பட்டம் பெற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் பிரட்டுக்களத்தில் நிற்கக் கூடாதா?

பதிவுசெய்யும் வண்டி பூனாகலைக்கு வருமுன்பே பின்வருவன எழுத்தில் வரவேண்டும். இருவேறு கணக்குகளை இணைக்குமுன், இரண்டும் தம்முடையவை என்று உரியவரே கூறவேண்டும். தமிழில் வாசித்துக்காட்டி அவர் சம்மதம் பெறவேண்டும். தவறாக இணைத்ததைப் பிரிக்கும் வழியும் அங்கேயே இருக்கவேண்டும். சேமலாப நிதியின் பழைய இலக்கங்களைத் தேடிக் கொடுப்பது செக்ரோலை வைத்திருப்போரின் கடமையாக வேண்டும், கூடை சுமப்பவரின் கடமையாகக் கூடாது. தொலைபேசி இல்லாதவர்க்குப் பிறர் இலக்கம் எழுதப்படலாகாது. அவர்க்குச் சாவியைத் தாங்கிய அட்டையொன்று அரசே தரட்டும். விரல் பதியாதவரை முகத்தாலும், முகமும் ஏற்காவிடில் கிராம உத்தியோகத்தரும் அயலார் இருவரும் கூறும் சாட்சியாலும் ஏற்கவேண்டும். மண்சரிவில் எல்லாம் இழந்தவர்க்கும் அதே வழி, கட்டணமின்றி. பதிவு நடக்கும் நாளில் வரிசையில் நிற்பவர்க்குத் தோட்டம் அரைப்பேர் போடாமல் முழுப்பேர் போடவேண்டும்.