பேரீச்சம்பழத்துக்குப் போன சதங்கை

நம் சரித்திர நாவல்களில் குதிரைகளுக்குப் பஞ்சமில்லை. அத்தியாயத்துக்கு ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடுகிறது. ஆனால், அந்தக் குதிரையின் மார்புப் பட்டையில் தொங்கியது என்ன, பித்தளையா வெள்ளியா, ஓடும்போது ஒலித்ததா என்று கேட்டுப் பாருங்கள். எழுதியவருக்கும் தெரியாது, படிப்பவருக்கும் அதைப் பற்றிக் கவலை கிடையாது.

பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்திறங்கியதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதி வைத்தார். அவ்வளவு பொன்னைக் கொட்டி வாங்கிய பிராணியை வெறும் கயிற்றைக் கட்டியா ஓட்டியிருப்பார்கள்? சேலத்துக்கு அருகே தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் தூண்களில் குதிரை வீரர்கள் இருக்கிறார்கள். சீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரைகளின் கடிவாளத்தையும் கழுத்தணியையும் சிற்பி விடாமல் செதுக்கியிருக்கிறான். சேலம், நாமக்கல் பக்கத்து ஐயனாருக்குக் குதிரை செய்யும் குயவர்கூட மணியையும் சதங்கையையும் மண்ணில் உருட்டி ஒட்டாமல் விடுவதில்லை. கல்லில் இருக்கிறது, மண்ணில் இருக்கிறது. அசல் உலோகம் எங்கே?

தெருவில் ஒருவர் கூவிக்கொண்டு போவாரே, 'பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!' என்று, அவர் கூடையைக் கேளுங்கள். பழைய உலோகத்தை உருக்கிப் புதிது வார்ப்பது ஏழை நாட்டின் சிக்கனம்தானே என்பீர்கள். ஓட்டைக் குடத்தை உருக்குங்கள், யார் வேண்டாம் என்றது? உழுசாலில் அகப்பட்ட பழம்பதக்கமும் குடமும் ஒன்றா?

இங்கிலாந்தில் இடைக்காலக் குதிரைகளின் சேணத்தில் தொங்கிய சிறு செம்புப் பதக்கங்கள் வயல்களில் இன்றும் கிடைக்கின்றன. கேடய வடிவம், அதில் பிரபுவின் குலச் சின்னம். கண்டெடுத்தவர் கொண்டுவந்து காட்டினால் படமெடுத்து, இடம் குறித்துப் பதிந்துகொள்ள 1997-இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். சாதாரணமாகப் பொருளைக்கூடப் பிடுங்கிக்கொள்வதில்லை, செய்தியைத்தான் வாங்கிக்கொள்கிறார்கள்.

நமக்கு வாய்த்ததோ 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எதுவும் மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். சர்க்கார் அதை எடுத்துக்கொள்ள விரும்பினால் என்ன விலை? அந்த உலோகத்தின் விலை, அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு! பழைய பித்தளைக்காரரின் தராசுக்கும் சட்டத்தின் தராசுக்கும் வித்தியாசம் அந்த ஐந்தில் ஒன்றுதான். இந்த லாபத்துக்காகக் கச்சேரிப் படி ஏற எந்தக் குடியானவருக்குப் பைத்தியம்?

சட்டத்தைத் திருத்துவது சர்க்காரின் வேலை. அதைச் செய்யும்படி நச்சரிப்பது நம் வேலை. அதுவரை ஒன்று செய்யலாம். பரணிலோ வயலிலோ இனம் தெரியாத பித்தளைத் துண்டு கிடைத்தால், தராசில் போடுமுன் ஒரு படம் எடுத்து, கிடைத்த இடத்தை எழுதி, சேலத்து அரசு அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள். பேரீச்சம்பழம் எங்கும் ஓடிவிடாது, நாளைக்கும் வாங்கிக்கொள்ளலாம்.