மடி பத்திரமான இடமா?

அல்சூர் கடைவீதியில் கார்கள் ஊர்ந்துதான் போக முடியும். சோமேஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்கள், ஆட்டோக்கள், ஸ்கூட்டர்கள் எல்லாமே அந்தக் குறுகலான தெருவுக்குள்தான். நெரிசலில் நகரும் கார்களின் முன் சீட்டில், அம்மாவின் மடியில் நின்றபடி வேடிக்கை பார்க்கும் குழந்தைகள் சகஜமான காட்சி. சில சமயம் அப்பாவின் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கையும் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கேட்டால், "இதோ, ஏரிக்கரை வரைக்கும்தானே!" என்று பதில் வரும்.

ஆனால் அதே கார் சில நிமிடங்களில் பழைய மெட்ராஸ் ரோட்டுக்கு வந்துவிடும். சாலை காலியாக இருந்தால் வேகம் 50 கிலோமீட்டரைத் தொட நேரமாகாது. குழந்தை மட்டும் அதே மடியில்தான் இருக்கும்.

அந்த வேகத்தில் மோதுவது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். 10 கிலோ எடையுள்ள குழந்தையை அந்தக் கணத்தில் பிடித்து நிறுத்த, சுமார் 200 கிலோவைத் தாங்கும் வலு கைகளுக்கு வேண்டும். எந்தத் தாய்க்கும் அது கிடையாது. அவரும் பெல்ட் போடாமல் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: டாஷ்போர்டுக்கும் தாயின் உடம்புக்கும் நடுவே குழந்தை நசுங்கும்.

மடியின் மீதான இந்த நம்பிக்கை நமக்கு மட்டுமே உரியதல்ல. குழந்தைகளுக்குத் தனி சீட் கட்டாயம் என்று அமெரிக்காவில் முதலில் சட்டம் கொண்டுவந்தது டென்னசி மாநிலம். ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தைகள் மருத்துவரின் விடாமுயற்சியால் அது 1978இல் அமலுக்கு வந்தது. ஆனால், கையில் வைத்திருந்தால் சீட் வேண்டாம் என்று ஒரு விலக்கையும் அதில் நுழைத்துவிட்டார்கள். 'குழந்தையை நசுக்கும் திருத்தம்' என்று சாண்டர்ஸ் அதைச் சாடினார். 1981இல் அந்த விலக்கு நீக்கப்பட்டது.

இந்தியச் சட்டத்தில் மடிக்கு விலக்கு இல்லை. 2019 செப்டம்பர் 1 முதல் அமலில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு சீட் பெல்ட் அல்லது குழந்தைகளுக்கான பாதுகாப்பு அமைப்பு இல்லாமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். சிக்கல் அந்த 'அல்லது'வில் இருக்கிறது. கார் பெல்ட் பெரியவர்களின் உடலுக்காகச் செய்யப்பட்டது. மூன்று வயதுக் குழந்தைக்கு அது கழுத்தையும் அடிவயிற்றையும் அறுக்கும்படி அமையும்.

பின் சீட் பத்திரம் என்ற எண்ணமும் பாதிதான் சரி. தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் இறந்தது பின் சீட்டில், பெல்ட் அணியாமல் இருந்தபோதுதான். அந்த ஒரு வருடத்தில் சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கை. குழந்தை சீட் எந்த அளவுக்கு உதவும்? அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணக்குப்படி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை காரில் இறக்கும் அபாயத்தை அது 71 சதவிகிதம் குறைக்கிறது.

வாங்கினால் மட்டும் போதாது, சரியாகப் பொருத்தவும் வேண்டும். கைக்குழந்தையின் தலை கனமானது, கழுத்து பலமற்றது. எனவே சீட் பின்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். குறைந்தது 15 மாதம் வரை, முடிந்தால் அதற்கு மேலும். ஏர்பேக் இயங்கும் முன் சீட்டில் இதை வைக்கவே கூடாது. விரியும் ஏர்பேக்கே குழந்தையைக் கொன்றுவிடும். தோள் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தால் துணி மடியக் கூடாது. மடிந்தால் தளர்ந்திருக்கிறது என்று பொருள். வளர்ந்த பிள்ளைகளுக்கு, சுமார் 145 செ.மீ. உயரம் வரும்வரை, பெல்ட் சரியான இடத்தில் படிய பூஸ்டர் சீட் தேவை. விபத்தில் சிக்கிய பழைய சீட்டை உறவினர் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்குகிறது. லட்சக்கணக்கில் கார் வாங்கி, காதுகுத்துக்கு மண்டபம் பிடிக்கும் குடும்பத்துக்கு இது பெரிய செலவல்ல. "சீட்டில் வைத்தால் அழுகிறான்" என்பதுதான் பெற்றோரின் உண்மையான தயக்கம். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் முதல் பயணத்திலேயே பழக்கிவிட்டால் அது பெரும்பாலும் எழாது. அழுதால் வண்டியை ஓரமாக நிறுத்திச் சமாதானப்படுத்தலாம். ஓடும் வண்டியில் தூக்கி மடியில் வைக்கக் கூடாது.

"நாங்களெல்லாம் மடியில் உட்கார்ந்து போய்த்தானே வளர்ந்தோம்?" என்று பாட்டி கேட்கலாம். அப்படிச் சொல்லக் கொடுத்துவைத்தவர்கள் விபத்தில் சிக்காதவர்கள். சிக்கிய குழந்தைகள் வளர்ந்து வந்து பதில் சொல்லப் போவதில்லை.