அம்மாவுக்கு எந்த அறை?



இம்மாதம் உல்லாசக் கப்பலைப் பற்றி எழுதப் போகின்றேன். சிரிக்க வேண்டாம். பாலையூற்றில் மாதம் ஒரு தடவை நாம் கூடும் இடத்தில் சென்ற முறை கூடுதலாகக் கதைக்கப்பட்ட விடயம் இதுதான். கடன் தவணை, சீட்டுக்காசு, கோழித்தீன் விலை எல்லாம் கதைத்து முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, ஓர் அக்கா தனது கைத்தொலைபேசியை நீட்டினார். அதில் பத்துப் பன்னிரண்டு மாடி உயரத்தில் ஒரு வெள்ளைக் கப்பல்.

"மகள் அனுப்பினவள். வாற வருசம் பிள்ளையளோட என்னையும் கூட்டிக்கொண்டு போகப்போறாளாம். ஏழு இரவு."

எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் சத்தம் போட்டார்கள். "எங்களையும் பெட்டிக்குள்ள வைச்சுக் கொண்டுபோங்கோ அக்கா" என்றாள் ஒருத்தி. அக்காவின் முகத்தில் சிரிப்பில்லை. கூட்டம் கலைந்த பின்னர்தான் என் அருகே வந்து, "பிள்ளை, அந்த அறைக்கு ஜன்னல் இல்லையாம். நான் அதுக்குள்ள படுக்கமாட்டன். மகளுக்கு எப்பிடிச் சொல்லுறது?" என்று கேட்டார். மூன்று கிழமையாக இதை மனதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். மகளிடம் "சரி பிள்ளை, நல்லது பிள்ளை" என்று சொல்லியும் விட்டார்.

இப்படிப்பட்ட கப்பலை நாங்கள் காணாதவர்கள் அல்லர். 2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டைக்கும் எமது திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்து போனது. அது 1990இல் பிரான்சில் கட்டப்பட்டது; முன்பு அமெரிக்கக் கம்பனி ஒன்றிடம் இருந்தது. இன்று மத்தியதரைக் கடலில் ஓடும் புதுக் கப்பல்களோடு பார்த்தால் அது சிறியது. 'எம்எஸ்சி வேர்ல்ட் யூரோப்பா' என்ற கப்பல் 333 மீற்றர் நீளம். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றக்கூடியது. எங்கள் கிராமம் முழுவதும் ஏறினாலும் இடம் மிஞ்சும் போலிருக்கிறது.

ஆனால் அக்காவுக்குக் கப்பல் என்றவுடன் நினைவு வருவது இவை எதுவும் அல்ல. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வர விமானமும் கப்பலும் மட்டுமே இருந்தன. அனுமதி எடுத்து, நாட்கணக்கில் காத்திருந்து, காங்கேசன்துறையில் ஏறித் திருகோணமலையில் இறங்கியவர்கள் எம்மிடையே பலர். 2009இல் பெப்ரவரி தொடக்கம் மே வரை புதுமாத்தளன் பக்கமிருந்து காயக்காரரோடு செஞ்சிலுவைக் குழுவின் கப்பலில் வந்தவர்களும் இதை வாசிக்கிறீர்கள். அக்கா வந்தது 2007இல், பன்னிரண்டு வயது மகளோடு. கப்பலின் கீழ்த்தட்டில், இருட்டில், வெக்கையில், பக்கத்தில் இருந்தவர்கள் சத்தி எடுக்க எடுக்க, விடியும்வரை குந்தியிருந்தாராம். அதற்கு முன்னர் பதுங்குகுழியில் கழித்த இரவுகள் வேறு. இன்றும் வீட்டில் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு படுப்பதில்லை.

மகள் இப்போது சுவிஸில். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். தாங்கள் இருவரும் சின்னவனும் ஓர் அறையில். அம்மாவும் ஏழு வயதுப் பேத்தியும் இன்னோர் அறையில். இரண்டாவது அறையை மலிவாகப் பார்த்திருக்கிறாள். அதில் பிழை சொல்ல முடியாது. இரவு பகலாக வேலை செய்து சேர்த்த காசு.

எனவே நானும் அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு தங்கையும் இருந்து, அந்தக் கம்பனிகளின் விபரங்களை எல்லாம் வாசித்தோம். அக்காவுக்குச் சொன்னவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளும் ஒருநாள் இப்படிக் கூப்பிடலாம்.

கப்பலில் அறைகள் பெரும்பாலும் மூன்று விதம். முதலாவது உள் அறை. கப்பலின் நடுவே இருக்கும், ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. விடிந்ததா இல்லையா என்று மணிக்கூட்டைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். விலை குறைந்தது இதுதான். நித்திரை கொள்ள மட்டும் அறைக்கு வரும் இளம் ஆட்களுக்கு இது தாராளம். இரண்டாவது ஜன்னல் அறை. கண்ணாடி வழியே கடல் தெரியும், வெளிச்சம் வரும். ஆனால் அந்தக் கண்ணாடி திறக்காது. மூன்றாவது பல்கனி அறை. கதவைத் திறந்து வெளியே நின்று காற்று வாங்கலாம். பொதுவாக விலையில் நல்ல வித்தியாசம் இருக்கும். அதற்கு மேலேயும் பெரிய அறைகள் இருக்கின்றன. அவை எங்களுக்கு வேண்டாம்.

ஜன்னல் அறை என்று எழுதியிருந்தாலும் சிலவற்றுக்கு முன்னால் உயிர்காப்புப் படகு தொங்கும். அதற்கு "மறைக்கப்பட்ட காட்சி" என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று எடுத்தால் படகின் முதுகைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். இன்னும் ஒன்று, மலிவு ரிக்கற் சிலவற்றில் அறை இலக்கத்தை நாம் தெரிவுசெய்ய முடியாது. கம்பனி தருவதை எடுக்க வேண்டும். எங்களைப் போன்றவர்கள் அதை எடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

தலைசுற்றுக்குப் பயந்தவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்மாடி அறையைக் கேட்க வேண்டும். ஆட்டம் அங்கேதான் குறைவு. உச்சியிலும் முன்பக்கத்திலும் கூடுதலாகத் தெரியும். அக்காவுக்குக் "கீழ்" என்ற சொல்லே பிடிக்கவில்லை. "கீழ்மாடி எண்டாலும் ஜன்னல் கடலுக்கு மேலதான் இருக்கும் அக்கா" என்று படத்தைக் காட்டித்தான் நம்பவைத்தோம்.

நான்கு பேர் படுக்கும் அறை என்றால் இரண்டு கட்டில்கள் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கப்படுபவை. ஏணியில் ஏற வேண்டும். முழங்கால் வருத்தம் உள்ள அம்மாவுக்குக் கீழ்க்கட்டில் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தனியே ஓர் அறை எடுத்தால், பெரும்பாலான கம்பனிகள் இரண்டு பேருக்குரிய காசை அல்லது அதற்குக் கிட்டவாகக் கேட்கும். தனித்து வாழும் பெண்களுக்குக் கப்பலிலும் தண்டம்தான்.

செயற்கைக் கால் அணியும் சகோதரிகளும் சக்கர நாற்காலி பாவிப்பவர்களும் இதைக் கவனிக்கவும். அகன்ற கதவும், படியில்லாத குளியலறையும் உள்ள அறைகள் எல்லாப் பெரிய கப்பல்களிலும் சில இருக்கின்றன. அவை விரைவில் முடிந்துவிடும். முன்கூட்டியே கேட்க வேண்டும். பயணப் பாதையையும் பார்க்க வேண்டும். கிரேக்கத்தின் சன்ரோரினித் தீவு போன்ற இடங்களில் பெரிய கப்பல் கரைக்கு வராது. கடலில் நின்று, சிறு படகில் ஆட்களை இறக்குவார்கள். ஆடுகிற படகில் கால் வைப்பது எல்லோராலும் இயலாது. ஜெனோவா, மார்செய், பார்சிலோனா போன்ற துறைகளில் கப்பல் நேரே கரையில் கட்டும்.

கம்பனி எது என்பதில் நான் நீட்டப்போவதில்லை. எம்எஸ்சியின் தலைமையகம் ஜெனீவாவில். கொஸ்ராவினது இத்தாலியின் ஜெனோவாவில். இரண்டிலும் பல மொழிகளில் அறிவித்தல் செய்வார்கள். ரோயல் கரிபியன், நோர்வீஜியன் இரண்டும் மியாமிக் கம்பனிகள். அங்கே ஆங்கிலம்தான் பிரதானம். பேத்திக்கு ஜேர்மன் மொழி. அக்காவுக்குத் தமிழ் மட்டும். சுவிஸிலிருந்து ஜெனோவாவுக்கு ரயிலிலேயே போகலாம் என்பதால் விமானச் செலவு மிச்சம். அதனால் மகள் பார்த்த கம்பனி சரி என்றுதான் எனக்கும் பட்டது. விளம்பரத்தில் உள்ள விலை மட்டும் முழு விலை என்று நினைக்க வேண்டாம். சேவைக் கட்டணம் என்று நாளாந்தம் ஆளுக்கு ஒரு தொகை சேரும். சில கப்பல்களில் சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ப் போத்தலுக்கும் காசு. கரையிறங்கி ஊர் பார்க்கும் பஸ் பயணத்துக்கு வேறு காசு. அவர்களுடைய பஸ்ஸில்தான் போக வேண்டும் என்றில்லை, கரையில் சும்மா நடந்துவிட்டும் வரலாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்கள். சோறும் மரக்கறியும் கிடைக்கும். உறைப்பு எதிர்பார்க்க வேண்டாம். மருந்துகளைக் கைப்பையில் வைத்திருங்கள். பெரிய பெட்டி அறைக்கு வந்துசேரச் சில மணிநேரம் எடுக்கும். உடுப்புக்கு யோசிக்க வேண்டியதில்லை. விருந்து இரவுகளில் வெள்ளைக்காரப் பெண்கள் நீளச் சட்டை போட்டு வருவார்களாம். ஒரு நல்ல சேலை உடுத்துக்கொண்டு போனால் அவர்கள்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

இன்னொரு விடயத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. கப்பல் புறப்படும் நாளில் எல்லோருக்கும் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. 2012 ஜனவரியில் 'கொஸ்ரா கொன்கோர்டியா' இத்தாலியின் ஜிலியோ தீவில் பாறையில் மோதிச் சரிந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்கள் பலருக்கு அந்தப் பயிற்சி நடக்கவில்லை. அதன் பின்னர் சட்டம் இறுக்கப்பட்டு, புறப்படும் முன்னரோ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்றாகிவிட்டது. அப்போது ஏழு சிறிய ஊதல், பிறகு ஒரு நீண்ட ஊதல் கேட்கும். அது மிகப் பெரிய சத்தம். சைரன் சத்தத்துக்கு இன்றும் நெஞ்சு அடிக்கிறவர்கள் எங்களில் இருக்கிறோம். பயிற்சி எத்தனை மணிக்கு என்று முதலே கேட்டறிந்து, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் மகளுக்கு யார் சொல்வது என்ற கேள்வி அப்படியே இருந்தது. "நீ கதை பிள்ளை" என்றார் அக்கா. நான் மறுத்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் முன்னாலேயே அவர் தொலைபேசி எடுத்தார். சுற்றி வளைத்து, பேத்திக்கு ஜன்னல் இருந்தால் நல்லது என்று தொடங்கினார். மகள், "அவளுக்கு ஜன்னல் தேவையில்லை அம்மா, அவள் போன் பார்த்துக்கொண்டு கிடப்பாள்" என்றாள். அதன் பிறகுதான் அக்கா, "எனக்குத்தான் பிள்ளை. நாங்கள் திருகோணமலைக்கு வந்த கப்பல் ஞாபகமோ?" என்றார்.

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஞாபகம் இருக்கு. மடியில படுக்க வைச்சுக் கதை சொன்னீங்கள். விடியப்புறம் மேல கூட்டிக்கொண்டு வந்து துறைமுகம் காட்டினீங்கள். எனக்கு அது சந்தோசமாத்தான் இருந்தது" என்றாளாம். அக்கா அன்று இரவு முழுவதும் அவளுக்குப் பயம் தெரியக்கூடாது என்று கதை சொன்னவர். அது இவ்வளவு நன்றாகப் பலித்ததை பதினெட்டு வருடம் கழித்துத்தான் அறிந்தார்.

ஜன்னல் அறை என்று முடிவாயிற்று. நடுப்பகுதி, கீழ்மாடி. பல்கனி எடுப்போம் என்று மருமகன் சொன்னபோது அக்காதான் வேண்டாம் என்றார். "திறக்காட்டிலும் பரவாயில்லை. விடியிறது தெரிஞ்சால் காணும்."

பாதை பற்றி அடுத்த கூட்டத்தில் கதை வந்தது. அந்தக் கப்பல் ஜெனோவாவிலிருந்து இத்தாலிக் கரையோரமாக மெசினாவுக்கும், அங்கிருந்து மால்ற்றாவுக்கும் போகிறது என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். மூலையில் இருந்த இன்னொரு சகோதரி, அதுவரை ஒன்றுமே பேசாதவர், "அது சிசிலிக் கடலோ?" என்று கேட்டார். அவருடைய தம்பி 1996இல் ஐரோப்பாவுக்கு என்று புறப்பட்டவன். அந்த ஆண்டு நத்தார் இரவில், சிசிலிக்கும் மால்ற்றாவுக்கும் இடையில், பெரிய கப்பலிலிருந்து சிறு படகுக்கு மாற்றப்பட்டவர்கள் படகோடு மூழ்கினார்கள். குறைந்தது 283 பேர். இந்தியர், பாகிஸ்தானியர், எங்கள் தமிழ்ப் பிள்ளைகள். நீண்ட காலம் அப்படியொன்று நடக்கவேயில்லை என்றுதான் சொல்லப்பட்டது. போர்ட்டோபாலோ என்ற ஊரின் மீனவர் ஒருவரின் வலையில் ஒரு தமிழ் இளைஞனின் அடையாள அட்டை வந்தது. 2001இல் ஒரு பத்திரிகையாளர் கடலடியில் அந்தப் படகைப் படம் பிடித்துக் காட்டினார். தம்பி அதில் இருந்தானா என்று இந்தச் சகோதரிக்கு இன்றுவரை தெரியாது.

மெசினாவிலிருந்து மால்ற்றாவுக்கு இறங்கும் கப்பல் சிசிலியின் கிழக்குக் கரையோரமாக, அந்தப் பக்கத்தால்தான் போகும். ஓடும் கப்பலிலிருந்து கடலுக்குள் எதையும் போடக்கூடாது என்பது கண்டிப்பான விதி. பூக்கூடப் போட விடமாட்டார்கள். அதை நான் சொன்னேன். "ஒண்டும் போட வேண்டாம் அக்கா. அந்த இடம் வரேக்க எழும்பி நில்லுங்கோ" என்றார் அந்தச் சகோதரி. அக்கா, தம்பியின் பெயரை ஒரு துண்டில் எழுதி வாங்கித் தனது பைக்குள் வைத்துக்கொண்டார்.

இனி விசா. இத்தாலி, மால்ற்றா, ஸ்பெயின், பிரான்ஸ் எல்லாம் ஷெங்கன் நாடுகள் என்பதால் ஒரு ஷெங்கன் விசா போதும். பாதை துருக்கிக்கோ துனீசியாவுக்கோ போனால், பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். அந்த நாட்டின் அனுமதியும் தேவைப்படலாம். முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, மகளின் அழைப்புக் கடிதம், இங்கே திரும்பி வருவதற்கான சான்றுகள் எல்லாம் கேட்பார்கள். காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இடம்பெயர்வில் தொலைந்தவர்கள் இப்போதே பிரதிக்கு விண்ணப்பித்து வையுங்கள். விசா கிடைக்காவிட்டால் காசு திரும்புமா என்பதைக் கம்பனியிடம் எழுத்தில் கேட்டுவிட்டுத்தான் முற்பணம் கட்ட வேண்டும். சலுகை ரிக்கற்றுகள் பலவற்றில் திரும்பாது.

அக்காவின் கடவுச்சீட்டு அடுத்த வருடம் முடிகிறது. புதிதாக எடுப்பதற்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறோம். தொழில் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதச் சொன்னார். இருபது வருடமாக இடியப்பம் அவித்து விற்கிறவர். "சுயதொழில்" என்று எழுதினேன்.