பல்லின் மேல் பழி போடாதீர்கள்

ஏழு மாதக் குழந்தைக்குக் காலையிலிருந்து ஐந்தாறு தடவை தண்ணீராக வயிற்றால் போகிறது. பதறுகிற தாயை வீட்டுப் பெரியவர்கள் அடக்குகிறார்கள்: "பல்லு முளைக்கிற நேரம்மா, அப்படித்தான் போகும். ரெண்டு நாள்ல தானா நின்னுடும்." ஊர்தோறும் சொல்லப்படும் இந்த ஆறுதல் பொய்யானது. குழந்தையின் உயிரோடு விளையாடுவது.

பல் முளைக்கையில் ஈறு உறுத்தும், எச்சில் வடியும், குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கும், சிணுங்கும். அவ்வளவுதான். பால்பற்கள் 20. ஆறாம் மாதவாக்கில் தொடங்கி இரண்டரை வயது வரை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அந்த இடைவெளியில் எந்த நோய் வந்தாலும் ஏதோ ஒரு பல் முளைத்துக்கொண்டுதான் இருக்கும். கூடவே நடப்பதால் அதுவே காரணமாகிவிடாது.

உண்மையான காரணம் வேறு. ஆறு மாதத்துக்குப் பின் தாய்ப்பாலோடு இணை உணவு சேர்கிறது. குழந்தை தவழ்ந்து, தரையில் கிடப்பதை வாயில் வைக்கிறது. கருவிலிருந்தபோது தாயிடம் பெற்ற எதிர்ப்புச் சக்தியும் குறைகிறது. அசுத்தமான கை, பாட்டில், தண்ணீர் வழியே ரோட்டா போன்ற வைரஸ்களும் பாக்டீரியாக்களும் குடலுக்குள் போகின்றன. பேதி அங்கிருந்துதான் வருகிறது.

பல்லின் மேல் பழி போடுவது நம் பாட்டிமாரின் அறியாமை மட்டுமல்ல. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் இறப்புப் பதிவேடுகளில் பல் முளைப்பதே குழந்தைகளின் சாவுக்குக் காரணம் என்று எழுதினார்கள். படித்த மருத்துவர்களே ஈறைக் கீறிவிட்டார்கள். மருத்துவம் அதைக் கைவிட்டது. நாம் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

"எங்க பிள்ளைங்க எல்லாம் இப்படித்தான் வளர்ந்துச்சு" என்பார்கள். பெரும்பாலான பேதி சில நாளில் தானாக நிற்கும் என்பது உண்மையே. ஆனால் பேதியில் குழந்தையைக் கொல்வது நீரும் உப்பும் வற்றிப்போவது. எந்தக் குழந்தைக்கு வற்றும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. இதோடு, "தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று பாலையும் நீரையும் நிறுத்துவது கொடுமையிலும் கொடுமை.

மருந்து நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் நிறைந்திருந்த மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மகலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை உறவினர்களின் கையாலேயே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். முப்பது விழுக்காடு அளவில் இருந்த சாவு நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. குளுக்கோஸ் சேர்ந்தால் குடல் உப்பை உறிஞ்சும், உப்போடு நீரும் உள்ளே போகும் என்பதே அதன் சூட்சுமம்.

அதுதான் இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஒரு லிட்டர் பொட்டலத்தைச் சுத்தமான ஒரு லிட்டர் நீரில் முழுதாகக் கரையுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குமேல் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தாதீர்கள். மருத்துவரோ கிராம சுகாதாரச் செவிலியரோ கொடுக்கும் ஜிங்க் மாத்திரையை, பேதி இடையில் நின்றுவிட்டாலும் மொத்தம் 14 நாள் முழுதும் கொடுங்கள். பேதியைக் கட்டும் மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்கவே கூடாது.

கண்ணோ உச்சிக்குழியோ உள்வாங்கினால், சிறுநீர் குறைந்தால், மலத்தில் ரத்தம் கண்டால், குடித்ததெல்லாம் வாந்தியானால், குழந்தை துவண்டு பால் குடிக்க மறுத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். 108ஐ அழையுங்கள்.

ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து 6, 10, 14ஆம் வாரங்களில் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். தவறாமல் போடுங்கள். இனி யாராவது "பல்லுதான்" என்றால், மரியாதையோடு மறுத்துவிட்டு ஓ.ஆர்.எஸ். கரையுங்கள். பெரியவர்களின் மனம் கோணுமே என்று குழந்தையைக் காயவிடாதீர்கள்.