தரவு கசிந்தால் தண்டம் கட்டுவது யார்?

உள்ளாட்சி அமைப்புகளின் இணையப் பாதுகாப்பு பற்றிய பேச்சு, கடவுச்சொல், வைரஸ் தடுப்பு மென்பொருள், ஊழியர் பயிற்சி என்ற அளவிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பொறுப்பு யாருடையது என்ற கேள்வியே எனக்கு முதன்மையாகப் படுகிறது.

பிறப்பு, இறப்புப் பதிவு, சொத்துவரி, குடிநீர் இணைப்பு ஆகியவற்றுக்கான தரவுகள் நகராட்சியின் பெயரில் திரட்டப்படுகின்றன. மென்பொருளை எழுதுவதும் சர்வரைப் பராமரிப்பதும் பல ஊர்களில் தனியார் ஒப்பந்ததாரர்களே. பிடிக்காத செயலியை நீக்கிவிடலாம். பிறப்புச் சான்றிதழுக்கு வேறொரு நகராட்சியைத் தேடிப் போக முடியாது.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி (2023), தரவைக் கையாள்பவர் ஒப்பந்ததாரரே ஆனாலும் பொறுப்பு நகராட்சியுடையது. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தொகை நகராட்சி நிதியிலிருந்து, அதாவது தரவைப் பறிகொடுத்தவர்கள் கட்டிய வரியிலிருந்து, இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செல்லும். பறிகொடுத்தவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. அந்தரங்கத் தரவைக் காப்பதில் கவனக்குறைவாக இருந்த நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. அதையும் இதே சட்டம் நீக்குகிறது. ஒப்பந்ததாரரைக் குடிமகன் நேரடியாகப் பிடிக்க இருந்த பிடி அது.

எஞ்சுவது ஒப்பந்தம். அதில் பாதுகாப்புக்கான கூறுகள் இடம்பெற வேண்டும் என்று 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள் கூறுகின்றன. வாசகத்தை வகுத்துத் தரவில்லை. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் பிறப்பித்த ஆணை, தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தனக்கு அறிவிக்கச் சொல்கிறது. ஒப்பந்ததாரர் நகராட்சிக்கு எப்போது சொல்ல வேண்டும் என்பது அதில் இல்லை.

மொழியியல் படித்தவளாக இன்னொன்றும் உறுத்துகிறது. செய்திக்குறிப்புகளில் தரவு எப்போதும் தானாகவே ‘கசிகிறது’. ‘கசியவிட்டனர்’ என்று எழுதினால் எழுவாயைச் சொல்லியாக வேண்டுமே!

உள்ளாட்சி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே மாநில அரசுகளே ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வகுத்து எல்லா நகராட்சிகளுக்கும் கட்டாயமாக்கலாம். தாக்குதலை நகராட்சிக்கு உடனே அறிவிப்பதும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தருவதும் ஒப்பந்ததாரரின் கடமை என அதில் எழுதப்பட வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் தரவையும் நிர்வாகக் கடவுச்சொற்களையும் ஒப்படைத்து, தம்மிடமுள்ள படிகளை அழித்ததற்குச் சான்று தந்த பிறகே கடைசித் தவணையை விடுவிக்க வேண்டும்.