இரண்டு இரவின் விலை

வெனிஸ் நகரின் ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில், சான் பார்த்தொலொமேயோ சதுக்கத்தில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் எண் பலகை. தீவு நகரில் இன்னும் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதை 2008 முதல் அது காட்டிவருகிறது. பலகையை வைத்தபோது எண்ணிக்கை 60,000-ஐ ஒட்டி இருந்தது. 2022 ஆகஸ்டில் 50,000-க்குக் கீழே இறங்கியது. பிறகு, சாந்தா மார்கரீத்தா சதுக்கத்தில் இருக்கும் ‘மார்கோ போலோ’ புத்தகக் கடையின் ஜன்னலிலும் 2023-ல் ஒரு பலகை வந்தது. இது எண்ணுவது சுற்றுலாப் பயணிகளுக்கான படுக்கைகளை. அதே ஆண்டு செப்டம்பரில் படுக்கைகள் ஆட்களை முந்திவிட்டதாக, வீட்டுவசதிப் பிரச்சினையைக் கவனித்துவரும் ‘ஓச்சியோ’ என்ற குடிமக்கள் குழு அறிவித்தது. இரண்டு எண்களுமே 49,000-க்குச் சற்று மேலே இருந்தன. அதாவது, ஊரில் தலைக்கொரு விருந்தாளிப் படுக்கை.

வெனிஸ் வசூலிக்கத் தொடங்கியிருக்கும் நுழைவுக் கட்டணத்தை இந்த இரண்டாவது பலகையை மனதில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

கட்டணம் முதன்முதலாக அமலுக்கு வந்த நாள் 2024 ஏப்ரல் 25. ஊரின் காவல் புனிதரான மாற்குவின் திருநாள் அது; இத்தாலியின் விடுதலை நாளும் அதுவே. அன்றைக்கு ஊருக்குள் நுழைய டிக்கெட்டா என்று உள்ளூர்க்காரர்கள் தெருவில் இறங்கிப் போராடியதில் வியப்பில்லை. ஒருநாள் பயணிகளுக்கு 5 யூரோ, காலை 8.30 முதல் மாலை 4 மணி வரை. முதல் ஆண்டில் 29 நாட்கள், 2025-ல் 54 நாட்கள். இரண்டாம் ஆண்டில் கடைசி நேரத்தில் பதிவுசெய்பவர்களுக்கு 10 யூரோவாக்கினார்கள். முதல் ஆண்டு வசூல் சுமார் 24 லட்சம் யூரோ, அடுத்த ஆண்டு 54 லட்சம். கூட்டத்தைக் குறைப்பதுதான் நோக்கம், பணம் அல்ல என்றது அப்போதைய மேயர் லூயிஜி புருஞ்ஞாரோவின் நிர்வாகம். ஆனால், எத்தனை பேர் வரலாம் என்பதற்கு உச்சவரம்பு ஏதும் இல்லை. பணம் கட்டினால் எத்தனை ஆயிரம் பேரும் வரலாம்.

யார் கட்ட வேண்டும், யார் கட்ட வேண்டாம் என்ற பட்டியல் இதைவிடச் சுவையானது. மாநகர எல்லைக்குள் இரவு தங்குபவர்களுக்கு விலக்கு உண்டு. அவர்கள் விடுதி வழியாகத் தங்கும் வரி கட்டுகிறார்கள் என்பது காரணம். மாநகர எல்லையோ தீவை நிலத்தோடு இணைக்கும் பாலத்துக்கு அப்பால், நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயையும் சேர்த்தது. ஆகவே, எல்லைக்கு வெளியே இருக்கும் பதுவாவில் அறை எடுத்தவர் 5 யூரோ கட்டுவார். மெஸ்த்ரே ரயில் நிலையத்தருகே அறை எடுத்து, காலையில் தீவுக்கு வந்து மாலையில் திரும்புபவர் கட்டமாட்டார். ‘பத்து நாளில் ஏழு நாடு’ என்று நம்மூரிலிருந்து குழுவாகக் கிளம்புபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. வெனிஸில் பிறந்து வெளியே குடிபோனவர்களுக்கும் விலக்கு உண்டு. பிறந்த ஊருக்குள் வர விலக்குப் பட்டியலில் இடம்பிடிக்க வேண்டியிருப்பதை என்னவென்று சொல்வது!

இந்தப் பட்டியலுக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒருநாள் பயணி கெட்டவர்: பையில் ரொட்டி கொண்டுவருவார், பாலப் படியில் உட்கார்ந்து சாப்பிடுவார், குப்பையை விட்டுவிட்டுப் போவார். இரவு தங்குபவர் நல்லவர்: உணவகத்தில் உட்காருவார், அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் எடுப்பார், ஊருக்குப் பணம் தருவார். ஐரோப்பாவின் பல நகரங்கள் இப்படித்தான் பயணிகளை இரண்டு சாதியாகப் பிரிக்கின்றன. பயண வழிகாட்டி நூல்களும் இதையே ஓதுகின்றன: ஒரே நாளில் ஓடாதீர்கள், இரண்டு இரவு தங்குங்கள், கூட்டம் கலைந்த பிறகுதான் அசல் வெனிஸ் தெரியும்.

இதில் பாதி உண்மை. ஒருநாள் பயணி சான் மார்கோ சதுக்கத்துக்கும் ரியால்டோவுக்கும் நடுவிலுள்ள சந்துகளை அடைத்துக்கொள்கிறார். ஆனால், அவர் எடுத்துக்கொள்வது தெருவை. பொழுது சாய்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். இரண்டு இரவு விருந்தாளிக்கு வேண்டியது வீடு. வெள்ளிக்கிழமை இரவு ட்ரெவிஸோவில் மலிவு விமானத்தில் இறங்கி, ஞாயிறு மாலை கிளம்பும் தம்பதி அந்த வீட்டில் இருப்பது இரண்டே இரவுதான். அடுத்து வேறொரு தம்பதி, பிறகு இன்னொன்று. மாதத்தில் பாதி நாள் நிரம்பினாலே உள்ளூர்க் குடும்பம் தரக்கூடிய வாடகையைத் தாண்டிவிடும் என்றால், எந்த வீட்டுக்காரர் ஆசிரியைக்கோ செவிலியருக்கோ நான்கு ஆண்டு ஒப்பந்தம் எழுதித் தருவார்? குறுகிய பயணம் என்பது விருந்தாளியின் கணக்கில்தான் குறுகியது. வீட்டின் கணக்கில் அது வருடம் முழுவதும்.

வெனிஸ் போன்ற ஊரில் இந்த இழப்பு இரட்டிப்பாகிறது. கார் இல்லாத ஊர். குப்பையைக் கையால் வாங்கி, தள்ளுவண்டியில் பாலம் பாலமாக ஏற்றி இறக்கி, படகில் கொட்ட வேண்டும். ஆம்புலன்ஸ் படகு, தீயணைப்புப் படகு, சிமென்ட் மூட்டை வரும் படகு என்று எல்லாவற்றுக்கும் ஊரறிந்த கைகள் வேண்டும். அந்தக் கைகளுக்கு உரியவர்களில் பலர் இப்போது காலையில் மெஸ்த்ரேயிலிருந்து ரயிலேறி வேலைக்கு வருகிறார்கள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வெனிஸைக் காலிசெய்தது ஏர்பிஎன்பி போன்ற குறுகியகால வாடகைத் தளங்கள் அல்ல. 1951-ல் தீவில் சுமார் 1.75 லட்சம் பேர் இருந்தார்கள். 1970-களின் தொடக்கத்திலேயே அது 1.1 லட்சமாகிவிட்டது. ஈரம் ஊறிய தரைத்தளங்கள், வசதியற்ற பழைய வீடுகள், எதிர்க்கரையில் மார்கேராவின் தொழிற்சாலைகள், மெஸ்த்ரேயில் கார் நிறுத்த இடத்தோடு புதிய அடுக்குமாடிகள். அதோடு 1966 நவம்பர் 4 அன்று 194 செ.மீ. உயரத்துக்கு ஏறிய கடல். மக்கள் போனதற்கு நியாயம் இருந்தது. சுற்றுலா செய்தது வேறு: போனவர்களின் பிள்ளைகள் திரும்பிவரும் வழியை அடைத்தது. 2019 நவம்பரில் 187 செ.மீ. வெள்ளம் வந்து ஊரை உலுக்கியது. மறு ஆண்டு அக்டோபர் 3 அன்று ‘மோசே’ திட்டத்தின் 78 மதகுகளும் முதன்முறையாக எழுந்து கடலைத் தடுத்தன. பெருவெள்ளத்தின் அச்சம் தணிந்து, தீவில் மறுபடி குடியேறலாம் என்ற நிலை வந்தபோது, குடியேற வீடு இல்லை.

சுற்றுலாவின் கொள்ளளவு பற்றி வெனிஸுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. எலியோ கனெஸ்த்ரெல்லி, பாவ்லோ கோஸ்தா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991-லேயே கணக்குப் போட்டிருந்தார்கள். நகரம் ஒரு நாளைக்குத் தாங்கக்கூடியது சுமார் 22,000 பயணிகள். இதில் ஏறத்தாழ பாதி ஒருநாள் பயணிகள். ஹோட்டல் அல்லாத இடங்களில் தங்குவோர் 1,500-க்கும் குறைவு! கோஸ்தா பின்னாளில் அந்த ஊருக்கே மேயராகவும் இருந்தார். அந்த ஆயிரத்து ஐந்நூறு இன்று என்னவாயிற்று என்பதற்குப் புத்தகக் கடைப் பலகையே சாட்சி.

இன்னும் பின்னே போனால் வியப்பு கூடுகிறது. வெளியூர்க்காரர்களை வைத்துப் பிழைத்த ஊர்தான் வெனிஸ். மலபார் மிளகு அலெக்சாந்திரியா வழியாக ரியால்டோவுக்கு வந்து, ஜெர்மானிய வணிகர்களின் கைக்கு மாறியது. அதற்கு விலையாகக் கிழக்கே போன தங்க டுகாட் காசுகள் தென்னிந்தியா வரைக்கும் வந்து சேர்ந்தன. அவற்றில் புனித மாற்குவின் முன் கொடிக்கம்பத்தைப் பற்றியபடி மண்டியிட்டிருக்கும் ஆட்சித் தலைவரை, பனையேறும் ஆளென்றே நம்மூரில் நினைத்தார்களாம்! அந்த வெனிஸ் குடியரசு, வந்த வணிகர்களைக் கண்ட இடத்தில் தங்க விடவில்லை. ஜெர்மானியருக்கு ரியால்டோ பாலத்தடியில் ஒரே கட்டடம். தங்குவதும் சரக்கு வைப்பதும் அரசு அதிகாரிகளின் கண் முன்னால். துருக்கியருக்கு 1621 முதல் தனிக் கட்டடம். அதில் வரி வேட்டையும் இருந்தது, அந்நியர் மீதான சந்தேகமும் இருந்தது. திரும்பி வர வேண்டிய ஏற்பாடு அல்ல. ஆனால், அந்நியர் எங்கே படுக்கிறார் என்பது ஊர் தீர்மானிக்க வேண்டிய விஷயம் என்ற தெளிவு இருந்தது. அந்த ஜெர்மானியர் மாளிகை பிற்காலத்தில் அஞ்சல் நிலையமானது. 2016-ல் ஆடம்பர அங்காடியாகி, 2025-ல் அதுவும் மூடப்பட்டது.

இன்றைய வெனிஸுக்கு அதிகாரம் இல்லை என்றும் சொல்ல முடியாது. வீட்டைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் நாட்களை ஆண்டுக்கு 120 என்ற அளவை வைத்துக் கட்டுப்படுத்த, இத்தாலிய நாடாளுமன்றம் 2022-ல் இந்த ஊருக்கென்றே தனிச் சட்டப்பிரிவு தந்தது. அதைக் கொண்டு கடுமையான உச்சவரம்பு வைக்க மாநகராட்சி முன்வரவில்லை. காரணம், வாக்குப்பெட்டியில் இருக்கிறது. மாநகரத்தின் சுமார் இரண்டரை லட்சம் மக்களில் பெரும்பான்மையோர் நிலப்பகுதியில் இருக்கிறார்கள். மேயர் யார் என்பதை அவர்கள்தான் முடிவுசெய்கிறார்கள். தீவையும் நிலப்பகுதியையும் தனித்தனி நகராட்சிகளாகப் பிரிக்க ஐந்து முறை பொது வாக்கெடுப்பு நடந்தது. கடைசியாக 2019-ல், போதிய பேர் வாக்களிக்கவே வரவில்லை. தீவில் எஞ்சியிருப்பவர்களிலும் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டு வாழ்பவர்கள் உண்டு. அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்குவது எளிது. ஓய்வூதியத்தோடு அந்த வாடகையையும் வைத்துத்தான் பலர் தீவிலேயே தாக்குப்பிடிக்கிறார்கள்.

இன்னொரு கால்வாய் நகரமான ஆம்ஸ்டர்டாம், தலைகளை விட்டுவிட்டு இரவுகளை எண்ணுகிறது. சொந்த வீட்டைப் பயணிகளுக்கு விட ஆண்டுக்கு 30 இரவுதான் என்று 2019-ல் விதித்தது. 2021-ல் ஊர் மக்கள் 30,000 பேர் கையெழுத்திட்டுக் கொடுத்த மனுவின் விளைவாக, ஆண்டுக்கு 2 கோடி தங்கல் இரவுகள் என்ற எல்லையை விதியாக்கியது. அந்த எல்லை பிறகு தாண்டப்பட்டது என்பதும் உண்மை. ஆனாலும், எதை எண்ண வேண்டும் என்பதில் அந்த ஊருக்குக் குழப்பமில்லை. எல்லை தாண்டினால் நகர மன்றத்தைக் கேள்வி கேட்க மக்கள் கையில் ஓர் எண் இருக்கிறது. வெனிஸ்காரர்கள் கையில் இருப்பது மருந்துக்கடைப் பலகை.

மாலை நான்கு மணிக்குச் சாந்தா லூசியா ரயில் நிலையத்தின் முன்னே கட்டணச் சோதனை முடிகிறது. அதற்குப் பிறகு யார் வந்தாலும் இலவசம். இருட்டியதும் பகல் கூட்டம் ரயிலேறிவிடும். கால்வாயோரச் சந்துகளில் தண்ணீர் படியில் மோதும் சத்தமும், சக்கரப் பெட்டி ஒன்று பாலத்தின் கற்படிகளில் தடதடக்கும் சத்தமும் மட்டும். இதுதான் அசல் வெனிஸ் என்று இரண்டு இரவு விருந்தாளி மெய்மறந்து நிற்கிறார். கதவருகே சின்னச் சாவிப்பெட்டி. கைபேசியில் வந்த எண்களைப் போட்டதும் திறக்கிறது. மேலே போய் ஜன்னலைத் திறந்தால், எதிர் மாளிகையின் மூன்று மாடிகளிலும் விளக்கு இல்லை. அங்கே வர வேண்டியவர்களின் விமானம் தாமதமாகியிருக்கலாம்.