சிம்கா இரவுத் திருட்டு

பால்குனப் பௌர்ணமி நெருங்கிவிட்டது. புனேவாசிகளான நம்மவர் வாசலில் கிடக்கும் ஏணி, முக்காலி, விறகு முதலியவற்றை உள்ளே வைத்துப் பூட்டும் காலம் இது. ஹோலித் தீக்கு விறகு திரட்டும் பிள்ளைகள் கேட்டுப் பெறுவது பாதி. கேளாமல் எடுப்பது பாதி. தீ மூண்டதும் புறங்கையால் வாயில் அடித்துக்கொண்டு கூவுவார்கள். மற்ற நாளில் அறை வாங்கித் தரும் வசைச் சொற்களும் அன்று மன்னிக்கப்படும்.

இதற்குப் புராணமும் உண்டு. பவிஷ்ய புராணத்தில் வரும் டுண்டா என்னும் அரக்கி குழந்தைகளை வருத்தி வந்தாளாம். ஆயுதத்துக்கு அஞ்சாத அவள், சிறுவர்களின் கூச்சலுக்கும் வசைக்கும் தோற்று ஓடினாளாம். அமெரிக்காவிலும் அக்டோபர் 31 இரவில் பேய்வேடமிட்ட பிள்ளைகள் வீடு வீடாகச் செல்கின்றனர். அங்கே குறும்பு எல்லை மீறவே, 1930-களில் மிட்டாய் கொடுத்து அதனை அடக்கும் வழக்கம் பரவிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரின் கலியாண மணை இவ்வாறு காணாமற் போயிற்று. பலா மரத்தில் செய்தது. "தமிழர் என்றால் இவர்களுக்கு இளக்காரம்" என்று பொங்கி, போலீசில் எழுதிக் கொடுக்கப் புறப்பட்டேன். பக்கத்து வீட்டு ஆஜி தடுத்தார். "முதலில் உன் பையனைக் கேள், அப்பா" என்றார்.

கேட்டேன். கொல்லைக் கதவு வழியே மணையை எடுத்துக் கொடுத்தவன் அவனே! வெறுங்கையோடு வருபவனைக் கூட்டத்தில் சேர்ப்பதில்லையாம்.

கை ஓங்கினேன். அம்மா குறுக்கே வந்தார். தஞ்சைப் பக்கத்தில் காமன் பண்டிகைக்கு அவருடைய அண்ணன்மாரும் ஊரார் வறட்டியைக் களவாடியவர்கள்தாமாம். காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று அங்கே இரு கட்சியாய் நின்று லாவணி பாடுவார்கள். அந்த லாவணியே, தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில் (1676-1855) இந்த நாட்டிலிருந்து அங்கே சென்றதுதான். இவ்வளவும் சொல்லி எங்களைச் சமாதானப்படுத்திய அம்மா, அன்றிரவு உண்ணாமலே படுத்துவிட்டார்.

ஒன்றை மட்டும் என்னால் பொறுக்க இயலாது. ஓடும் ரயில்மீது நீர் நிரப்பிய பலூனை எறிகிறார்கள். ஜன்னலோரம் அமர்ந்தவரின் கண்ணே போய்விடக் கூடும். எறிய வேண்டாம் என்று ரயில்வே எத்தனையோ முறை வேண்டியாயிற்று. நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இதனைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

இவ்வாண்டு எங்கள் வாசலில் உடைந்த பெட்டிப் பலகைகள் நான்கு வைத்திருக்கிறேன். கேட்டும் வாங்கலாம், கேளாமலும் எடுக்கலாம். ஏணி மட்டும் உள்ளே இருக்கிறது.